மந்து என்று நான் சொன்ன ஞாயிறு

1

திருப்பதி என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு மலையும் மொட்டையும் லட்டும்தான். "அங்கன போயி நீரு என்னவே செய்யுதீரு?" என்று ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கேட்கிறீர்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள்.

திருச்சானூர் போகும் சாலையில், ஓர் இரும்புக் கடையின் மாடியில் சபை நடத்துகிறேன். காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. தமிழுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். லாட்ஜ் சமையல்காரர்கள், நர்சுகள், ஸ்ரீசிட்டி கம்பெனிகளிலிருந்து விடுமுறைக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளைகள். தெலுங்குக்கு வருகிறவர்கள் இந்த மண்ணின் ஆட்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழில் தொடங்கிய வாக்கியத்தைத் தெலுங்கில் கொண்டுபோய் முடிப்பார்கள்.

"வெளிநாடா என்ன, ராத்திரி ஏறினா மறுநா வந்துரலாமே" என்பான் என் அண்ணன். தூரம் அவ்வளவுதான். ஆனால் பேசிப் பிழைக்கிற ஒருவன் தன் பாஷை செல்லாத ஊருக்குப் போய்விட்டால், எல்லையில் பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதற்காக அது சொந்த நாடாகிவிடாது.

வந்த புதிதில் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரர் போன் செய்து, இப்போதே கொண்டுவரட்டுமா என்றார். மெதுவாகக் கொண்டுவாருங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்ல நினைத்து, "அவசரம் லேது" என்றேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லை என்று நானே சொல்லிவிட்டதால் அவர் வரவேயில்லை. அந்த வாரம் முழுக்க மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்த என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

நம் ஊர் ஆலயத்தில் நான் பிரசங்கித்த நாட்களில் ஒரு வசனத்தைப் பாதி சொல்லும்போதே மீதியை ஜனங்கள் முடித்துவிடுவார்கள். வார்த்தைக்கு நான் பயந்ததே இல்லை. இங்கே வந்துதான் அந்தப் பயத்தைக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

என் மகள் பெனிட்டா இரண்டு வயதில் இங்கே வந்தவள். இப்போது இன்டர் இரண்டாம் வருடம், அதாவது நம் ஊர்ப் பிளஸ் டூ. அவளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் இந்த மாநிலத்துப் பிள்ளை, 'லோக்கல்' என்று நிரூபிக்க வேண்டும். மண்டல ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த வகுப்பு என்று சான்று கேட்டார்கள். ஒரு பள்ளி மூடிப்போயிருந்தது. மூடிப்போனதற்கும் ஒரு சான்று கேட்டார்கள். என் பெயருக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் அவளுடைய சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு வரிசை. ஒருவழியாகக் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு என்று போட்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"தெலுங்குலதானப்பா படிச்சேன். தமிழ்ல என் பேரத் தவிர எனக்கு எதுவும் எழுத வராதே."

"எழுத வராட்டா தாய்மொழி இல்லைன்னு ஆயிருமா?"

"லோக்கல்னு நிரூபிக்க நீங்கதான இவ்வளவு நாள் அலைஞ்சீங்க. இப்ப லோக்கல் ஆனா கோவப்படறீங்க."

பதில் கிடைக்காதபோது மனுஷன் சத்தம் போடுவான். நானும் போட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தெலுங்குப் பிரசங்கத்தை நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். சனிக்கிழமை அதை அவளிடம் வாசித்துக் காட்டுவேன். அவள் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இது வேணாம்ப்பா, சிரிப்பாங்க" என்று திருத்துவாள். அந்தச் சனிக்கிழமை நான் வாசித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

3

அந்த ஞாயிறு குடியைப் பற்றிப் பேசினேன். சபையில் இரண்டு மூன்று ஆண்கள் குடித்து வீட்டை நாசமாக்கிக்கொண்டிருந்த சமயம். தெலுங்கில் குடிக்கு ஆட்டோக்காரர்கள் சொல்லும் வார்த்தை 'மந்து'. மந்து ஷாப்பு என்றால் சாராயக் கடை. ஜனங்களின் பேச்சில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதையே பிடித்துக்கொண்டேன். கடைசியில் கையை நீட்டி, "மந்து மானேயண்டி! மிகதாதி தேவுடே சூஸுகுண்டாடு!" என்றேன். மந்துவை விட்டுவிடுங்கள், மீதியைத் தேவனே பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்தேன்.

கீபோர்டில் இருந்த பெனிட்டா தலையைக் குனிந்து சிரித்தாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு, தெலுங்கு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். சுகுணா எழுந்து முன்னால் வந்தாள். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், தெலுங்கில் படித்தவள். திருச்சானூரில் ஒரு டிபன் கடையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலை. சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புருஷன் வெங்கடேசு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் நம் மார்க்கத்தார் அல்ல. மாடிப்படிவரை அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவள் தெலுங்கில் பேசினாள். சின்ன வயதிலிருந்து தனக்கு வலிப்பு உண்டு, அதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை, தினமும் மாத்திரை. அதைத் தின்றால் தூக்கம் தூக்கமாக வருகிறது, கடையில் திட்டு. மாத்திரையை விடலாமா என்று தேவனிடம் ஓர் அடையாளம் கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு தாமதமாக மாடியேறி உள்ளே கால் வைக்கும்போது, போதகர் நேராகத் தன்னைப் பார்த்துக் கையை நீட்டி, 'மந்து மானேயண்டி' என்று சொன்னார்.

"அன்றிலிருந்து நான் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம்!"

மாடி அதிர்ந்தது. கைதட்டல், அல்லேலூயா, கண்ணீர். நானும் கை தட்டினேன், எதற்கென்று முழுதாக விளங்காமலே. கீபோர்டு சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. பெனிட்டா என் பக்கத்தில் வந்து நின்று, அத்தனை நாட்களுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அப்பா, மந்துன்னா முதல்ல மருந்துப்பா. அதுக்கப்புறம்தான் சாராயம். அவங்க மாத்திரையத்தான் விட்டிருக்காங்க."

மருந்துக் கடையில் இத்தனை வருடமும் 'டேப்லெட்' என்றே கேட்டு வாங்கிப் பழகியவன் நான். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. சொல்லியிருக்கலாம். எதிரே நூறு முகங்கள் பிரகாசமாக இருந்தன. ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடித்துவிட்டேன்.

4

ஜனங்கள் கலைவதற்குள் சுகுணா ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். போன் அணைந்திருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஃபிட்ஸ் மாத்திரைய திடீர்னு நிறுத்தினா முன்ன வந்ததைவிட மோசமா வரும். அவ காயற தோசைக்கல்லு முன்னாடி நிக்கறவ. இன்னிக்கே சொல்லுங்க."

சபை மூப்பர் ஆபிரகாம் காரு அங்கேயே நின்றிருந்தார். நம் ஊர் 'ஐயா' போல இங்கே 'காரு'. சித்தூர்க்காரர். ஊர் பேர் தெரியாமல் நான் வந்து நின்றபோது தன் வீட்டு முன்னறையைச் சபைக்குத் திறந்துவிட்டவர். அவர் இல்லாமல் இந்தச் சபை இல்லை.

"அய்யகாரு, வதிலேயண்டி. விட்டுடுங்க. உங்க நாக்கு தப்பாப் பேசிச்சி. தேவனுக்குத் தப்புமா? வேதத்துல கழுதை வாயாலகூட பேசினவரு அவரு."

"அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனா?"

"ஆவல இல்ல? இத்தன நாளு ஆவல. நாளைக்கி நீங்க மேடையில நின்னு, நான் சொன்னது பாஷை தப்புன்னு சொன்னா, அப்புறம் ஒவ்வொரு வசனத்துக்கும் ஜனம் கேக்கும், இது தேவன் பேசறாரா, அய்யகாரு தெலுகு பேசறாரான்னு. சபையை நீங்களே கலைக்கிறீங்க."

அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கை வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஸ்கூட்டரை எடுத்தேன். பெனிட்டா கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள். திருச்சானூர்க் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே என் காதருகே சொன்னாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்ப்பா, மந்துன்னு சொன்னா ரெண்டு மாதிரியும் கேக்கும்னு. சிரிச்சேன். கோவத்துல இருந்தேன், அதான் சொல்லல."

"நானும் கோவத்துலதாம்மா உன்கிட்ட வாசிச்சுக் காட்டல" என்றேன்.

சுகுணாவின் வீடு ஒற்றை அறை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து பாயை விரித்தாள். நான் உட்காராமலே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது சாராயத்தை. உன் மாத்திரையை அல்ல. எனக்குத் தெலுங்கு அவ்வளவுதான் தெரியும்.

 அவள் சிரித்தாள்.

"நீங்க சாராயத்த நெனச்சிக்கினுதான் சொல்லியிருப்பீங்க ஐயா. ஆனா நான் ஜெபம் பண்ணிக்கினு படியேறி வரேன், கரெக்டா அந்த வார்த்த வருது. அப்போ அது உங்க வார்த்தயே இல்ல."

ஆபிரகாம் காரு சொன்ன அதே வாதம். நான் கற்றுக்கொடுத்த விசுவாசம்தான், என்னையே உள்ளே விடாமல் கதவைப் பூட்டிக்கொண்டது.

"சுகுணா, டாக்டரைக் கேட்காம நிறுத்தினா ஆபத்தும்மா."

"மெதுவாப் பேசுங்க ஐயா" என்றாள் சட்டென்று. "அவருக்குத் தெரியாது."

அப்போதுதான் வெங்கடேசு, தோளில் குழந்தையோடு சந்தில் வந்தார். சுகுணா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சபைக்குள் ஒருத்தி நம்பிச் சொன்னதைப் போதகர் வெளியே கொண்டுபோகக் கூடாது. அது எங்களுக்குச் சட்டம் மாதிரி. சொன்னால் இனி இந்தப் பெண்ணைச் சபைக்கு அனுப்பமாட்டார் என்பதும் தெரியும். வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட்டேன்.

வெங்கடேசு குழந்தையை இறக்கிவிட்டார்.

"மாத்திர துன்னலியா? இத்தினி நாளாவா?"

சுகுணா தலையைக் குனிந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"போன தபா வந்தப்போ நாக்க கட்ச்சிக்கினு ரத்தமா கெடந்தா. நான் இஸ்துக்கினு ஓடினேன் ஆஸ்பத்திரிக்கி. நீயா வந்த அப்போ?" என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா டாக்டரா? உனுக்கு பாஷ தெர்லன்னா வாய மூடிக்கினு இருக்க வேண்டிதான?"

பெனிட்டா ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் சொன்னதில் தவறு இல்லை.

"துன்னு, இப்பவே துன்னு" என்று அவர் மாத்திரை டப்பாவைத் தேடினார். சுகுணா சுவரோடு ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எப்பிடி துன்றது? எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனுக்கு யாரும் எதுக்கும் கை தட்டினதில்ல. இப்போ போயி, இல்ல எனுக்கு சீக்கு இன்னும் கீதுன்னு எப்பிடி சொல்றது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் விசுவாசத்தில் மட்டும் நிற்கவில்லை, வெட்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அதிலிருந்து நான்தான் அவளை இறக்க வேண்டும்.

"நீ சொன்ன எதையும் நீ திரும்ப வாங்க வேண்டாம்மா. நான் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கிறேன். இன்னைக்கு சாயங்காலமே. நீ வந்து கேட்டா போதும்."

5

சபையின் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிட்டேன். ஏனென்று சொல்லவில்லை. பாதிப் பேர் வந்தார்கள். ஆபிரகாம் காரு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சுகுணா பெண்கள் பக்கம் கடைசியில். வெங்கடேசு செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

தெலுங்கில்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் தெலுங்கை நம்பி அதைச் சொல்ல முடியாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, பெனிட்டா பக்கத்தில் நின்று தெலுங்கில் சொன்னாள். சாராயம் என்று சொல்ல வந்தேன், மருந்து என்று கேட்டிருக்கிறது, தவறு என் நாக்கில். அதைத் தேவன்மேல் போட மாட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அந்தச் சகோதரி பொய் சொல்லவில்லை, நான் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான்.

பெனிட்டா ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். 

ஒரு பெண் எழுந்தாள். "அய்யா, எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டு குடிய உட்டுட்டாரு. அதுவும் தப்புங்களா?" பக்கத்தில் அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது தப்பு இல்லம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். ஆபிரகாம் காரு சிரிக்கவில்லை. எழுந்து, என்னைப் பார்க்காமல், வெங்கடேசைத் தாண்டி இறங்கிப் போனார். அவர் பின்னால் நாலைந்து குடும்பங்கள் போயின.

ஜெபம் செய்து முடிக்கலாம் என்று கண்ணை மூடப்போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர் கையை உயர்த்தினார். ஆறுமுகம் என்ற சர்க்கரை நோயாளி. அதிகம் பேசாதவர். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவார்.

"நேனு கூடா மானேசானு, அய்யகாரு."

நானும் மாத்திரையை விட்டுவிட்டேன் என்றார். பின்வரிசையில் அவருக்குக் கேட்டது அன்றைய பிரசங்கத்தின் கடைசிச் சத்தம் மட்டும்தானாம். கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இருப்பதாகவும், தேவன் சோதிக்கிறார் என்று பொறுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். என் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

சாட்சி சொல்ல அவருக்குக் கூச்சம். அன்று நான் கூட்டம் கூட்டாமல் இருந்திருந்தால் அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

6

நிறுத்திய மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது, டாக்டரைப் பாருங்கள் என்றாள் என் மனைவி. மறுநாள் காலை நானும் வெங்கடேசும் சுகுணாவையும் ஆறுமுகத்தையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். வரிசையில் நிற்கும்போது சுகுணாவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்தது. பிறகு அவளும் விழுந்தாள். வெங்கடேசு தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். குழந்தையை என் கையில் திணித்தார். குழந்தை அம்மாவைப் பார்க்காதபடி அதன் முகத்தை என் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிக்க வாய் திறந்தேன்.  அதற்குள் நர்சுகள் ஓடிவந்துவிட்டார்கள்.

டாக்டர் என்னைத் திட்டினார். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள். முழுதாகப் புரிந்தது.

சுகுணாவுக்குத் தூக்கம் தூக்கமாக வராத வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். கடையில் தோசைக்கல்லிலிருந்து எடுத்து, மாவு அரைக்கும் பக்கம் வேலை மாற்றிக் கொடுத்தார்களாம். சபைக்கு இன்னும் வரவில்லை. ஆறுமுகத்துக்கு ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. நாற்காலி அடுக்க மட்டும் நான் விடுவதில்லை. ஆபிரகாம் காரு வேறிடத்தில் கூடுகிறார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறோம். அவருக்கும் எனக்கும் இடையில் அதற்குமேல் இன்னும் எதுவும் திரும்பவில்லை. தெலுங்கு ஆராதனையில் நான் தமிழில் பேச, பெனிட்டா மொழிபெயர்க்கிறாள். கூட்டம் குறைந்துவிட்டது.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் வெங்கடேசு போன் செய்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

"பாஸ்டரு, எங்கம்மாவ சித்தூர் ஆஸ்பத்திரில போட்டுக்கீது. நெஞ்சு வலி. சுகுணா கொயந்தய உட்டுட்டு வர முடியாது. எனுக்கு ஒண்டியா உக்காந்துக்கினு இருக்க முடியல. வரியா?" கொஞ்சம் நிறுத்தினார். "ஜெபம்லாம் அம்மாவுக்குப் புடிக்காது. சும்மா வந்து கூட இரு."

பஸ் பிடித்துப் போனேன். வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அவர் நகர்ந்து இடம் விட்டார். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது அவர் போனார், வந்தார். ஒருமுறை மருந்துக் கடைக்கு நான் போய் வந்தேன். வேதவசனம் ஒன்று நாக்கின் நுனியில் வந்து வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருட ஊழியத்தில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

வெயில் தாழும்போது டாக்டர் வெளியே வந்து, அம்மா கண் திறந்துவிட்டதாகச் சொன்னார். வெங்கடேசு சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல என்னைப் பார்த்தார்.

"துன்னியா, பாஸ்டரு?"

இல்லை என்றேன். பைக்குள்ளிருந்து புளிசாதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பாதியை இலையோடு கிழித்து என் பக்கம் தள்ளினார்.

இரண்டு பேரும் தின்றோம்.